இடது கைக்கான விதி

எங்கள் இருபத்துநான்காம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் அதிகாரிகளின் கால்சராய் அவ்வளவு இறுக்கமாக இருக்கும். அதிகாரி நாற்காலி மேல் ஏறி நிற்பார். சேவகர்கள் இரண்டு பேர் கீழே கால்சராயை விரித்துப் பிடிப்போம். அவர் குதிப்பார். சரியாகக் குதித்தால் உள்ளே இருப்பார். சரியாகக் குதிக்காவிட்டால் மருத்துவமனையில் இருப்பார்.

லெப்டினன்ட் வெல்லி ஒரு பெண்ணிடம் கல்யாணம் பேசுவதற்காக இப்படிக் குதித்து உள்ளே போனபின் மோதிரத்தைத் தரையில் போட்டுவிட்டார். குனிந்து எடுத்தால் தையல் விட்டுப்போகும். நாங்கள் எடுத்துத் தருவதற்கு அது எங்கே விழுந்தது என்று அவரால் காட்ட முடியவில்லை, ஏனென்றால் கழுத்துப்பட்டை காதுவரை இருந்தது. மோதிரம் இல்லாமல் போய் என்ன பேசுவது என்று வெல்லி வீட்டிலேயே நின்றுவிட்டார். உட்காரவும் முடியாதே. அந்தப் பெண் ஒரு பீர் ஆலைக்காரரைக் கட்டிக்கொண்டு இன்றும் சௌக்கியமாக இருக்கிறாள்.

கழுத்துப்பட்டையால் கீழே பார்க்க முடியாத மேஜர் ஒருவர் ஒரு கோடை முழுக்க இன்னொருவர் குதிரையில் போய்வந்தார். அது குட்டி போட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கேப்டன் ஹால்டன்பியின் விஷயத்தை நம்பித்தான் ஆகவேண்டும். அவருக்கு நான்தான் சேவகன்.

ஹால்டன்பி படை தங்கியிருக்கும் பாரக்ஸிலேயே பிறந்தவர். அப்பா எங்கள் படையில் மேஜராக இருந்து எங்கள் படையிலேயே செத்தவர். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணன் தம்பி கிடையாது, நிலம் கிடையாது, விடுமுறைக்குப் போக ஒரு வீடு கிடையாது. மற்ற அதிகாரிகள் வேட்டைக்கும் லண்டனுக்கும் கிளம்பிப் போனால் இவர் மட்டும் அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, லாயத்தில் போய்க் குதிரைகளிடம் பேசிக்கொண்டிருப்பார். ஆப்கானிஸ்தானத்தில் ஏதோ ஒரு வாய்க்காலருகே அவருடைய இடது கை போய்விட்டது. முழங்கைக்கு மேல் நாலு விரற்கடை மிச்சம். கப்பலில் காய்ச்சலில் கிடந்தபோதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நோக்ஸ், என்னைப் படையை விட்டு அனுப்பிடுவாங்களாய்யா?"

லண்டன் மருத்துவர்கள் அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதினார்கள். எங்கள் கர்னல் ராக்ஸ்டன் ஒப்புக்கொள்ளவில்லை. கொல்செஸ்டர் பாரக்ஸ் மைதானத்தில் எல்லோர் முன்பாகவும் ஹால்டன்பியைக் குதிரையில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார். கடிவாளத்தை இடுப்புப் பட்டையில் ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு, முழங்காலாலேயே குதிரையைத் திருப்பி, வலது கையில் வாளை உருவிக் காட்டினார் கேப்டன்.

"குதிரையில உக்கார்றியா? உக்கார்றே" என்றார் கர்னல். "உடுப்பு சரியா இருக்கா? இருக்கு. அப்புறம் எவன் உன்னை அனுப்பறது? என் படையிலேருந்து ஒருத்தன் போறதுன்னா ரெண்டே வழிதான்ப்பா. சாகணும், இல்லேன்னா உடுப்பு சரியில்லாம நிக்கணும்."

கேப்டன் அன்று மாலை பன்றித்தொடை மாமிசமும் போர்ட்டர் பீரும் எனக்கும் வாங்கித் தந்தார்.

உடுப்பு சரியாக இருந்ததற்குக் காரணம் படைத் தையல்காரர் ஜோசையா பெக். குடிக்காத நேரத்தில் பெக் நல்ல தையல்காரர். குடித்த நேரத்தில் இன்னும் நல்ல தையல்காரர் என்று அவரே சொல்லிக்கொள்வார். கேப்டனின் நீலக் கோட்டில் நெஞ்சுக்குக் குறுக்கே வரிவரியாகப் பொன்சரிகைக் கயிறு போகும் அல்லவா, அதில் நாலாவது வரிக்குக் கீழே வெற்று இடது கையை மடித்துச் செருகி, தையல் தெரியாமல் தைத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் லண்டனில் ஹுஸ்ஸார் அதிகாரிகளின் கோட்டை மாற்றினார்கள். எதிரி ஏதாவது கேட்டான் என்று அல்ல. சும்மா இருக்க முடியவில்லை. அங்கே உடுப்புக்கென்றே ஒரு ஆபீஸ் இருந்தது. ஒவ்வொரு படையும் தன் அதிகாரிகளிடம் இருக்கும் கோட்டுகளில் ஆகச் சிறந்ததை அனுப்ப வேண்டும். ஆபீஸில் அதற்குச் சிவப்பு அரக்கால் முத்திரை வைப்பார்கள். பிறகு அந்தப் படையில் யார் கோட்டு தைத்தாலும் முத்திரை வைத்த அந்த மாதிரியைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். அதில் ஒரு பட்டன் கூடினால் எல்லோருக்கும் கூடும். அதில் ஓட்டை இருந்தால் எல்லோருக்கும் ஓட்டை.

கர்னல் அதிகாரிகளை வரிசையாக நிறுத்தி, பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். வெல்லியின் முன்னால் நின்றார். வெல்லி அப்போது எங்கள் அட்ஜுடண்ட். படைக்குள் விதியெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

"என்னய்யா இது? உருளைக்கிழங்கு மூட்டைக்குச் சரிகை தெச்ச மாதிரி இருக்கு."

"புதுசு ஐயா. போகப் போக உடம்புல உக்காந்துடும்."

"நீ எப்ப உக்காந்திருக்கே, அது உக்கார்றதுக்கு?"

ஹால்டன்பியின் முன்னால் வந்ததும் கர்னலின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் இங்க பாருங்க. இடது பக்கம் ஒரு சுருக்கம் இருக்கா? காமிங்க பாப்போம்."

வெல்லி முணுமுணுத்தார்: "கையே இல்லேன்னா சுருக்கம் எங்கேருந்து வரும்?"

"உனக்கும் வேணும்னா சொல்லு வெல்லி" என்றார் கேப்டன், தலையைத் திருப்பாமல். "காபூல் பக்கம் போனா ரொம்ப அன்பா எடுத்துக் குடுக்கறாங்க."

கர்னல் ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு, அதைக் கோட்டின் கழுத்திலேயே தைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பெக் சீட்டைத் தைத்தபிறகு கத்தரிக்கோலை எடுத்தார். மடித்த கையைப் பிரித்துத் தொங்கவிட்டு அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சீட்டு தெச்சாச்சுல்ல? அதுக்கப்புறம் ஊசி, கத்தரி எதுவும் படக்கூடாது. விதி."

"கை மடிச்சிருக்கே ஐயா?"

"மடிச்ச கையத்தான் கர்னல் பாத்தாரு. பாத்ததத்தான் ஒப்புக்கிட்டாரு. அவருக்குக் கண்ணு தெரியலேன்னு சொல்றியா?"

"நான் ஏங்க சொல்றேன்?" என்று பெக் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு, அவருடைய இன்னொரு வேலையைப் பார்க்க மதுக்கடைக்குப் போய்விட்டார். கோட்டு பெட்டியில் ஏறி லண்டனுக்குப் போனது.

அங்கே ஒரு குமாஸ்தா அதை மரப்பொம்மைக்குப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி எழுதியிருக்க வேண்டும். வசந்தத்தில் புது உடுப்பு விதிப் புத்தகம் வந்தது. எங்கள் படையின் பக்கத்தை வெல்லி மெஸ்ஸில் உரக்கப் படித்தார். நான் கேப்டனுக்கு மாமிசம் வெட்டிக்கொடுத்தபடி அவர் பின்னால் நின்றிருந்தேன்.

"'கோட்டின் இடது கை நெஞ்சின் குறுக்கே மடிக்கப்பட்டு, அதன் முனை சரிகையின் நாலாவது வரிக்குக் கீழ் தைக்கப்பட்டிருக்கும். அதிகாரியின் முன்கை அதனுள் கிடையாகவும், விரல்கள் மூடியும், வெளியே தெரியாமலும் இருக்கும்.'"

ஆட்டிறைச்சி ஆறியது.

"லண்டனுக்கு எழுதிடலாமா ஐயா, தப்பா போயிடுச்சுன்னு?" என்றார் வெல்லி.

"என்னன்னு எழுதறது?" என்றார் கர்னல். "பாக்காம கையெழுத்து போட்டேன்னா? இருபத்துநான்காம் ஹுஸ்ஸார் கர்னல் கோட்டைக் கூடப் பாக்காம கையெழுத்து போடுவான்னா?" கொஞ்ச நேரம் தன் கோட்டின் நாலாவது சரிகை வரியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பெக்கைக் கூப்பிடு. எல்லாருக்கும் மடிச்சுத் தெக்கச் சொல்லு."

அப்படித்தான் எங்கள் படையின் அதிகாரிகள் அத்தனை பேருக்கும் இடது கை உள்ளே போனது.

முதல் நாள் கவாத்தில் குதிரைகள் போன இடத்துக்கெல்லாம் படை போனது. கடிவாளம் பிடிப்பது இடது கை. அது கோட்டுக்குள் கிடையாகவும் மூடியும் இருக்கிறது. கடிவாளத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு உத்தரவு கொடுத்தவர்கள் சொன்னது ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு லெப்டினன்டின் குதிரைக்கு ரொட்டிக்கடைப் பழக்கம் உண்டு. அவருடைய ஆட்கள் மொத்தமும் அதன் பின்னாலேயே போய் கடைத்தெருவில் ரொட்டிக்கடை முன்னால் அணிவகுத்து நின்றார்கள். கடைக்காரர் ஆளுக்கொரு பன் கொடுத்து அனுப்பினார். வெல்லியின் குதிரை கோல்ன் ஆற்றுக்குள் இறங்கி, சிப்பி பொறுக்குகிறவர்களோடு மாலைவரை நின்றது. இறங்கி நடக்கலாமே என்றால், கால்சராய் நனைந்தால் சுருங்கும், சுருங்கினால் அவரை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நடனங்களில் ஜோடியாக வால்ட்ஸ் ஆடும்போது பெண்கள், ஆணின் இடது கையில் கொடுக்க வேண்டிய தங்கள் வலது கையை வைக்க இடமில்லாமல் காற்றில் நீட்டிக்கொண்டே சுற்றினார்கள். மறுமாதமே அது நாகரிகம் ஆகிவிட்டது. பக்கத்து பாரக்ஸில் இருந்த ஈட்டிப்படைக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொருமினார்கள். தங்களுக்கும் ஒரு கையை எடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் மனுப் போட்டதாகக் கேள்வி.

இந்தக் கூத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே மனிதர் ஹால்டன்பி.

நாங்கள் ஊர் திரும்பிய நாளிலிருந்து அவரைப் பார்க்கிறவர்கள் முதலில் அந்த மடித்த கையைப் பார்ப்பார்கள், பிறகு அவசரமாக முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது வரிசையில் எல்லோருக்கும் அதே கை. கடிவாளத்தை இடுப்பில் மாட்டுவது எப்படி என்று அவரிடம்தான் வந்து கேட்டார்கள். ஒற்றைக் கையால் பட்டன் போடுவது, பூட்ஸ் ஏற்றுவது, முட்டை உடைப்பது எல்லாவற்றுக்கும் அவர்தான். காலையில் அவர் அறை வாசலில் மேஜர்கள் அரைகுறை பட்டனோடு காத்து நின்றார்கள்.

ஒருநாள் மெஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "நோக்ஸ், இன்னிக்கு ஒரு அதிசயம். கறி வெட்டித் தரட்டுமான்னு என்னை ஒருத்தன் கூடக் கேக்கல."

"ஏன் ஐயா?"

"அவங்களுக்கே வெட்ட ஆளில்லய்யா!"

அப்படி அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு கோடையில்தான்.

இலையுதிர்காலத்தில் ஜெனரல் அட்டர்பரி பார்வையிட வந்தார். உடுப்பு விஷயத்தில் ராஜ்யத்திலேயே அவருக்கு மேல் ஆள் கிடையாது. ஒரு போரில் எதிரிகள் மிக ஒழுங்காகப் பட்டன் போட்டிருந்ததால் அவர்கள்மேல் சுட உத்தரவு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, அதற்காகத்தான் அவருக்குச் சர் பட்டம் தந்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பட்டம் இருந்தது தெரியும்.

அதிகாரிகள் குதிரைமேல் வரிசையில் இருந்தார்கள். ஜெனரல் தன் குதிரையில் மெதுவாக வந்து, ஒவ்வொருவர் இடது கையையும் பிரம்பால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே முன்கை கிடையாக இருக்கிறதா என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கர்னல் அவர் பக்கத்திலேயே வந்தார். நான் சேவகர்களோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹால்டன்பியைத் தட்டினார். பிரம்பு உள்ளே அமுங்கியது.

"காலியா இருக்கே?"

"ஆமாம் ஐயா. கை இல்லை."

"விதியில இருக்கே?"

"ஆப்கானிஸ்தானத்துல போயிடுச்சு ஐயா."

"எங்க போச்சுன்னு நான் கேக்கல தம்பி. விதியில முன்கை உள்ளே கிடையா இருக்கணும்னு போட்டிருக்கு. உன்னுது கிடையா இல்லை. நட்டுக்குத்தாவும் இல்லை. இல்லவே இல்லை. நீ உடுப்பு சரியில்லாம நிக்கறே."

கேப்டன் சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, லண்டன்ல முத்திரை வெச்சிருக்கற மாதிரிக் கோட்டே என்னோடதுதான். எனக்குக் கை இல்லேன்னுதான் அதை மடிச்சுத் தெச்சாங்க. அதைப் பாத்துத்தான் விதி எழுதினாங்க."

ஜெனரல் சிரித்தார். வரிசையில் சிலர் தாங்களும் சிரிக்க வேண்டுமோ என்று பார்த்தார்கள்.

"கர்னல்! உங்க கேப்டன் என்ன சொல்றாரு பாருங்க. விதி அவரைப் பாத்து எழுதினதாம். ஒரு ஊனக் கோட்டைச் சிறந்த கோட்டுன்னு நீங்க கையெழுத்து போட்டு அனுப்பினீங்களாம். நிஜமா?"

கர்னல் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு அவர் கொஞ்சம் அசிங்கப்பட்டிருப்பார். மறுநாளே எல்லோருடைய இடது கையும் வெளியே வந்திருக்கும். ஹால்டன்பி கிழவராகும்வரை எங்களோடு இருந்திருப்பார். கர்னல் தன் குதிரையின் இரண்டு காதுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படி எனக்கு ஞாபகம் இல்லை ஐயா" என்றார்.

ஜெனரல் மறுநாள் காலை திரும்ப வந்து பார்ப்பதாகவும், அப்போதும் கோட்டு காலியாக இருந்தால் கேப்டனைப் படையிலிருந்து எடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கர்னல் நேரே கேப்டனின் அறைக்கு வந்தார். நான் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. சேவகனை யார் கணக்கில் எடுக்கிறார்கள்.

"கோவிச்சுக்காதேப்பா. என் நிலைமையில நீ இருந்தா என்ன பண்ணுவே? பெக்கைக் கூப்பிட்டு உள்ள எதையாவது அடைக்கச் சொல்லு. பஞ்சோ, வைக்கோலோ, எதுவா இருந்தா என்ன? கிழவன் தட்டுவான், கெட்டியா இருந்தா போயிடுவான். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"பொய்க்கை வெச்சுக்கணும்னா எனக்குச் சங்கடமா இருக்கு ஐயா. இல்லாததை இல்லேன்னு சொல்லித்தான் இத்தனை நாள் நின்னேன்."

"சங்கடமா இருந்தா கிளம்பு. யாரு வேணாங்கறா?"

கேப்டன் ஜன்னலுக்கு வெளியே லாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "பெக் எங்க இருப்பான் நோக்ஸ்?"

"எங்க இருப்பாரு? குடிச்சுட்டு இருப்பாரு ஐயா."

"நல்லது. நல்லா தெப்பான்."

பெக் குதிரைவால் மயிரை அடைத்து ஒரு கை செய்தார். படையில் கைக்கு எட்டியது அதுதான். முழங்கை, மணிக்கட்டு, மூடிய விரல்கள் எல்லாம் வைத்து அசல் கை தோற்றுப்போகும்படி தைத்தார். கேப்டன் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது நானே ஏமாந்துபோனேன். அவர் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் ஜெனரல் தட்டினார். கெட்டியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். கர்னல் மூச்சு விட்டார், நான் மூச்சு விட்டேன்.

அப்போது கேப்டனின் குதிரை கழுத்தைத் திருப்பி அந்த இடது கையை மோந்து பார்த்தது. பெக் வெட்டி எடுத்த மயிர், அதற்குப் பக்கத்துக் கட்டுத்தறியில் இருந்து போன வாரம் செத்துப்போன குதிரையுடையது. இரண்டும் ஏழு வருஷம் ஒன்றாகக் கொள்ளு தின்றவை. இந்தக் குதிரை அந்தக் கையில் மூக்கை வைத்துக் கனைத்த கனைப்பில் மைதானமே திரும்பிப் பார்த்தது. பல்லால் மெதுவாகப் பிடித்து இழுத்தது. நாலாவது வரிக்குக் கீழிருந்து ஒரு கொத்துக் கறுப்பு மயிர் வெளியே வந்தது.

ஜெனரல் திரும்பி வந்தார். ஒரு மயிரைப் பிடித்து இழுத்தார். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழுதும் வந்து முடியும்வரை அவர் இழுத்தார். கை மறுபடி தட்டையாகிவிட்டது.

"உடுப்புக்குள்ள பொய்த் திணிப்பு" என்றார். "முப்பது வருஷமா நான் எதை ஒழிக்கணும்னு பாடுபட்டேனோ அது. காலியா வந்திருந்தா உன்னை மரியாதையா அனுப்பியிருப்பேன். ஏமாத்த வந்திருக்கே. யாரு சொல்லி வெச்சே?"

கேப்டன் கர்னலைப் பார்த்தார். கர்னல் மறுபடி குதிரையின் காதுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நானேதான் ஐயா" என்றார் ஹால்டன்பி.

அதிகாரிகள் போவதும் வருவதும் அரசாங்கக் கெஜட்டில் வரும். காயம்பட்டு ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒரு வரி கூடப் போடுவார்கள்: இன்னார் தன் பதவிப் பெயரை வைத்துக்கொள்ளலாம், படையின் உடுப்பை அணியலாம் என்று. அந்த வரி இருந்தால் கிழவரானபின்னும் விசேஷ நாட்களில் உடுப்போடு மெஸ்ஸுக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்காரலாம். தாள் வந்தபோது கேப்டன் அதை என்னிடம் நீட்டினார்.

"என் கண்ணு சரியில்ல. உடுப்பு போட்டுக்கலாம்னு இருக்கா பாரு."

"ஹால்டன்பி, படையிலிருந்து நீக்கம்னு இருக்கு ஐயா."

"அதுக்குக் கீழே."

"கீழே வேற ஒருத்தர் பேரு ஐயா."

"இன்னொரு தடவை பாரு நோக்ஸ்."

இன்னொரு தடவை பார்த்தேன். சில சமயம் இன்னொரு தடவை பார்த்தால் இருக்கும். இல்லை.

அவர் கிளம்பிய அன்று வழியனுப்ப அதிகாரிகள் எல்லோரும் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். கர்னலின் உத்தரவு. முழு உடுப்பு: ரோமத் தொப்பி, இறகு, பொன்சரிகை, வாள். அந்த விஷயத்தில் அவர்கள்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. கேப்டன் பழுப்பு நிறத்தில் ஒரு சாதாரணக் கோட்டுப் போட்டிருந்தார். கடையில் வாங்கியது. அதன் இடது கையை யாரும் மடித்துத் தைக்கவில்லை. காற்றடித்தால் அது பறந்து பக்கத்தில் நிற்பவர்கள்மேல் பட்டது. ஒவ்வொரு முறையும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

"உடம்பைப் பாத்துக்கோப்பா" என்றார் கர்னல்.

"சரிங்க ஐயா."

"மெஸ்ல எல்லாரும் உன்னை நெனச்சுக்கிட்டே இருப்போம். ஒவ்வொரு பட்டன் போடறப்பவும்" என்றார் வெல்லி. அதை அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

நான் ரயிலின் கடைசியில் சாமான் பெட்டியில் டிரங்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. விசில் ஊதியதும் கேப்டன் தன் பையோடு படியில் கால் வைத்தார். படி உயரம். கையில் பை இருந்தால் கம்பியைப் பிடிக்க முடியாது. கம்பியைப் பிடித்தால் பை போகும். அவர் திரும்பிப் பையைக் கர்னலிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம் பிடிங்க ஐயா."

கர்னலின் வலது கை வாளின் உறையைப் பிடித்திருந்தது, கால் தடுக்காமல் இருக்க. இடது கை விதிப்படி இருந்தது. சரிகையின் நாலாவது வரிக்குக் கீழே துணி அசைந்தது. விரல்கள் உள்ளே திறந்து, வெளியே வர வழி தேடுவது போல அங்குமிங்கும் புடைத்துக் காட்டின. பிறகு மூடிக்கொண்டன. மற்றவர்களைப் பார்த்தேன், அவர்கள் வலது கையும் வாள் உறையில்தான் இருந்தது. ஒவ்வொருவர் நெஞ்சிலும் அதே புடைப்பு எழுந்து அடங்கியது. ஒருவரும் கோட்டைக் கிழித்து வெளியே எடுக்கவில்லை. பொது இடத்தில், ரயிலடியில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் கொஞ்ச நேரம் பையை நீட்டியபடியே நின்றார். பிறகு அதை நடைமேடையில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி உள்ளே போய்விட்டார். ஜன்னலில் முகம் தெரியவில்லை.

நான் ஓடி வருவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அதிகாரிகள் பையைச் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடு நோக்ஸ்" என்றார் கர்னல். "அனுப்பி வெச்சுடு."

எடுத்தேன். "எங்க அனுப்பறது ஐயா?"

கர்னல் வெல்லியைப் பார்த்தார். வெல்லி அடுத்தவரைப் பார்த்தார். டிரங்கின் மேல் லண்டன் ஸ்டேஷன் என்பதற்குமேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கே போவதாக இருந்தார் என்று அங்கே ஒருவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.